ஐந்தருவியும் ஆங்கிலப் பன்மையும்

(ஒகேனக்கல்லில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



காவிரி இரண்டு மாநிலங்களுக்கு நடுவே கரும்பாறைகளைப் பிளந்துகொண்டு விழுகின்ற இந்த ஊருக்கு வருகிறவர்கள் அருவியைப் பற்றியும் பரிசலைப் பற்றியும் வறுத்த மீனைப் பற்றியும் பேசுவது வழக்கமேயன்றி, ஆங்கிலப் பாடநூலின் பின்பக்கங்களில் ஒதுங்கிக் கிடக்கும் ஓர் அப்பியாசத்தைப் பற்றிப் பேசுவது வழக்கமன்று. ஆயினும் "பின்வரும் வாக்கியங்களை ஒருமையிலிருந்து பன்மைக்கு மாற்றுக" என்ற அந்தச் சிறு கட்டளையைப் பற்றியே பேசவேண்டும் என்று ஆசிரிய நண்பர்கள் பணித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒழுங்காகப் பேசக்கூடிய பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள் என்பது அவர்களுடைய குறை. ரென், மார்ட்டின் என்னும் இருவர் பெயரால் 1930-களில் வெளிவந்து, இன்றுவரை நம் நாட்டுப் பள்ளிகளில் ஆட்சி செலுத்திவரும் இலக்கண நூலைப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அந்த ரென் என்பவர் பாலைவனப் போர்வீரர்களைப் பற்றிய 'போ ஜெஸ்ட்' என்ற நாவலை 1924-இல் எழுதிப் புகழ்பெற்றவர் என்பதும், அவர் பம்பாய் மாகாணத்துக் கல்வித் துறையில் உத்தியோகம் பார்த்தவர் என்பதும் அந்நூலை மனப்பாடம் செய்தவர்களில் பலருக்குத் தெரியாது. சாகசக் கதை எழுதிய கையே நமக்கு ஏகவசன பகுவசன விதிகளையும் எழுதித் தந்தது.

அப்பியாசத்தை எடுத்துக்கொள்வோம். "தி போட்மேன் ரோஸ் ஹிஸ் போட்" என்பது ஒருமை வாக்கியம். இதனைப் பன்மையாக்கினால் "தி போட்மென் ரோ தேர் போட்ஸ்" என்றாகும். முன்னதில் இருந்த ஐந்து சொற்களில் 'தி' என்ற ஒன்றைத் தவிர மற்ற நான்கும் உருமாறிவிட்டன. நான்கும் நான்கு விதமாக மாறியிருக்கின்றன. 'மேன்' என்பது வயிற்றுக்குள்ளே உயிரெழுத்தை மாற்றி 'மென்' ஆயிற்று. 'போட்' என்பது வாலில் ஒரு 'ஸ்' பெற்றது. 'ஹிஸ்' என்பது தன் உருவத்தை முற்றிலும் துறந்து 'தேர்' ஆயிற்று. 'ரோஸ்' என்னும் வினையோ, பெயர்ச்சொல் பெற்ற அதே 'ஸ்' ஒலியை இழந்து நின்றது. "எஸ் சேர்த்தால் பன்மை" என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிட்டு இந்த வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினால், நல்ல புத்தியுள்ள பிள்ளை எது செய்யுமோ அதையே நம் பிள்ளைகளும் செய்கிறார்கள்: ஏற்கெனவே 'எஸ்' இருக்கிற 'ரோஸ்' என்பதைப் பன்மை என்று எண்ணி அப்படியே விட்டுவிடுகிறார்கள். விதி சொன்னவர் மேல்தான் தவறு, பிள்ளைமேல் இல்லை.

இதே செய்தியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். "பரிசலோட்டி தன் பரிசலை ஓட்டுகிறான்", "பரிசலோட்டிகள் தங்கள் பரிசலை ஓட்டுகிறார்கள்." ஓட்டுகிறவன் பலராயினான், 'தன்' என்பது 'தங்கள்' ஆயிற்று, வினைமுற்று தன் விகுதியை மாற்றிக்கொண்டது. ஆனால் பரிசல் மட்டும் 'பரிசலை' என்று ஒருமையிலேயே நின்றாலும் கேட்பவர் எவரும், "ஒரே பரிசலைப் பத்துப் பேர் ஓட்டினார்களா?" என்று கேட்பதில்லை. 'பரிசல்களை' என்றும் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் குற்றமில்லை. நான் இன்று சொல்ல வந்த செய்தி முழுவதும் இவ்வேறுபாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. தமிழ் தன் கண்டிப்பை வினையில் வைத்துக்கொண்டு, உயிரில்லாப் பொருள்களின் பெயரில் தாராளமாய் இருக்கிறது. ஆங்கிலமோ பெயர்ச்சொல்லில் கறாராய் நின்று, வினையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கைவிட்டுவிட்டது. 'வாஸ்', 'வேர்' நீங்கலாக, இறந்தகாலத்தில் ஆங்கில வினைக்கு ஒருமையும் இல்லை, பன்மையும் இல்லை: ஒருவன் ஓடினாலும் 'ரேன்', ஊரே ஓடினாலும் 'ரேன்'. ஓடினான், ஓடினாள், ஓடினார், ஓடிற்று, ஓடின என்று ஐந்து பாலையும் வினையின் நுனியில் தாங்கி நிற்கும் பாஷையைத் தாய்ப்பாலோடு அருந்திய குழந்தைக்கு ஆங்கில வினை எளிது; ஆங்கிலப் பெயர்தான் பகை.

இந்த ஊரிலேயே அதற்குச் சான்று கொட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே நீங்கள் 'ஐந்தருவி' என்று ஓரிடத்தைச் சொல்கிறீர்கள். 'ஐந்தருவிகள்' என்று ஒருவரும் சொல்வதில்லை. மழைக்காலம் வந்துவிட்டால் பிலிகுண்டுலுவில் அளந்த நீரின் அளவு நாள்தோறும் பத்திரிகையில் வருகிறது: விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று. தண்ணீர் பெருகிப் பரிசல் ஓட்டத் தடை விதிக்கும் நாளிலும் அது 'கன அடி'தான். 'கன அடிகள்' ஆவதில்லை. ஐந்து என்றோ ஆயிரம் என்றோ எண்ணைச் சொன்ன பிறகு பெயருக்கு இன்னொரு முறை பன்மை விகுதி எதற்கு என்பது தமிழின் நியாயம். நூறு ரூபாய், இரண்டு படி, நாலு மாடு, பத்து மைல். அந்த நியாயத்தில் ஊறிய பிள்ளை 'ஃபைவ் மேங்கோ' என்றும் 'டென் ருபீ' என்றும் எழுதும்போது அது தர்க்கத்தைப் பிசகவில்லை, பாஷையைத்தான் பிசகியிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலமும் சில இடங்களில் நம் நியாயத்துக்கே இணங்கி வருகிறது. ஐந்தாண்டுத் திட்டத்தை அவர்கள் 'ஃபைவ்-இயர் பிளான்' என்கிறார்களேயன்றி 'இயர்ஸ்' என்பதில்லை. பத்து ரூபாய் நோட்டு 'டென்-ருபீ நோட்'தான். எண்ணும் பெயரும் சேர்ந்து மற்றொரு பெயருக்கு அடையாகிவிட்டால் அங்கே 'எஸ்' உதிர்ந்துவிடுகிறது. இதைச் சொல்லிக் கொடுக்காமல் 'டென் ருபீ' என்பதை 'டென் ருபீஸ்' என்று மட்டும் அடித்துத் திருத்தினால், பிள்ளை 'டென் ருபீஸ் நோட்' என்று எழுதி மறுபடியும் அடிவாங்கும்.

நம் இலக்கண ஆசிரியர்கள் இதை மிகத் தொன்மையிலேயே கண்டு வைத்திருக்கிறார்கள். அஃறிணைப் பெயர் 'கள்' என்னும் ஈற்றைப் பெற்றுப் பன்மை உணர்த்தவும் செய்யும், அதைப் பெறாமல் நின்று, முடிக்கும் வினையைக் கொண்டே ஒருமையா பன்மையா என்று அறியப்படவும் செய்யும் என்பது தொல்காப்பியர் கொள்கை. 'மரம் வளர்ந்தது' என்றால் ஒன்று. 'மரம் வளர்ந்தன' என்றால் பல. கங்க மரபினனான சீயகங்கன் வேண்டுகோளால் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் இத்தகைய பெயர்களைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று வகுத்துச் சென்றார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் பாதிரியாரும், அஃறிணையில் பன்மை விகுதி இடுவதில் இம்மொழிகள் காட்டும் சுணக்கத்தைக் கவனித்து எழுதினார். பழைய தமிழில் அருகி வந்த இந்தக் 'கள்' பிற்காலத்தில் உயர்திணையிலும் புகுந்து, இன்று எங்கும் நிறைந்து நிற்கிறது. கள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: இராஜாஜி 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியன்று மதுவிலக்கை முதன்முதலில் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார். அப்போது நம் தர்மபுரியும் அந்த ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அன்று மரத்துக் கள் போயிற்று. இலக்கணத்துக் 'கள்' மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அகப்படாமல் பெருகிக்கொண்டே வருகிறது. 'வாழ்த்துகள்' என்பதா, 'வாழ்த்துக்கள்' என்பதா என்று புலவர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். நான் அதில் தலையிடப் போவதில்லை.

நிற்க. உயர்திணையில் தமிழ் இவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. 'மூன்று சிறுவன் வந்தான்' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. 'மூணு பசங்க வந்தாங்க' என்றே சொல்லும். இதனால் நான் பார்த்த நோட்டுப் புத்தகங்களில் ஒரு விசித்திரம் தெரிந்தது: 'த்ரீ பாய்ஸ்' என்பதில் தவறாத பிள்ளை 'த்ரீ பென்சில்' என்பதில் தவறுகிறது. ஒரே விதியை ஓரிடத்தில் அறிந்தும் ஓரிடத்தில் அறியாமலும் எழுதுவதாக ஆசிரியருக்குத் தோன்றும். அலட்சியம் என்று கோபமும் வரும். உண்மையில் அந்தப் பிள்ளை தன்னையறியாமல் உயர்திணை அஃறிணைப் பாகுபாட்டை ஆங்கிலத்தின்மேல் ஏற்றிப் பார்க்கிறது. பேச்சுத் தமிழோ இன்னும் ஒருபடி மேலே போய், அஃறிணைப் பன்மை வினையையே ஏறத்தாழ மறந்துவிட்டது. 'மாடுகள் வந்தன' என்று எழுதுகிறோமேயன்றி, வீட்டில் 'மாடுங்க வந்துச்சு' என்றுதானே சொல்கிறோம்? பெயர் பன்மை, வினை ஒருமை. 'தி கௌஸ் இஸ் கமிங்' என்று பிள்ளை எழுதினால், அது மலையிலிருந்து இறங்கிவரும் மாடுகளைப் பார்த்து அதன் பாட்டி சொன்ன வாக்கியத்தின் ஆங்கில அவதாரம். அதே பிள்ளை தமிழ்த் தேர்வில் 'அருவிகள் கொட்டுகிறது' என்று எழுதித் தமிழாசிரியரிடமும் மதிப்பெண் இழந்திருக்கும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஓய்வறையில் உட்கார்ந்து இந்த ஒரு விஷயத்தைக் கலந்து பேசினால், இருவர் பாரமும் பாதியாகக் குறையும் என்பது என் அபிப்பிராயம். ஒருவர் 'கொட்டுகின்றன' என்று திருத்தும் அதே வாரத்தில் மற்றவர் 'ஆர்' என்று திருத்தட்டும்.

இனி அந்தக் குழப்பக்கார 'எஸ்' எழுத்துக்கு வருவோம். பெயரில் வந்தால் பன்மை, வினையில் வந்தால் ஒருமை என்று ஒரே ஒலி இரண்டு எதிரான வேலைகளைச் செய்வது எவ்வாறு? இவ்விரண்டும் உடன்பிறந்தவை அல்ல என்பதே விடை. பழைய ஆங்கிலத்தில் ஆண்பாற் பெயர்கள் சில 'அஸ்' என்னும் ஈற்றால் பன்மை பெற்றன. அந்த ஈறு மற்ற வகைப் பெயர்களையும் மெல்ல மெல்ல வென்று இன்றைய 'எஸ்' ஆயிற்று. வினையில் வரும் 'எஸ்' இங்கிலாந்தின் வட பகுதிப் பேச்சிலிருந்து பரவி, அதற்குமுன் தென்பகுதியில் வழங்கிய 'எத்' என்னும் விகுதியைத் துரத்தியது. 1611-இல் அச்சான ஆங்கில வேதாகமத்தில் அந்தப் பழைய 'எத்' விகுதியைத்தான் இன்றும் காணலாம். வேறு வேறு ஊர்களில் பிறந்த இரண்டு பேர் தற்செயலாக ஒரே சட்டை அணிந்து வந்திருக்கிறார்கள், அவ்வளவே. பெயருக்கு 'எஸ்' வந்தால் வினைக்கு வராது, வினைக்கு வந்தால் பெயருக்கு வராது என்று ஒரு சூத்திரம் வகுப்பறைகளில் வழங்குகிறது. 'எஸ்' பெறாத பன்மைகளில் அது உதவாது. ஆயினும் தொடக்கத்தில் பிள்ளைகளுக்குக் கைத்தாங்கலாக இருக்கிறது என்பதால் நான் அதை இகழமாட்டேன்.

எஸ் பெறாத பன்மைகளோ பழைய அரண்மனையின் இடிபாடுகளைப் போன்றவை. ஒவ்வொன்றுக்கும் சரித்திரம் உண்டு. 'ஃபுட்' என்பது 'ஃபீட்' ஆவதும், 'டூத்' என்பது 'டீத்' ஆவதும், 'மேன்' என்பது 'மென்' ஆவதும், முற்காலத்தில் ஈற்றில் இருந்து பின்பு உதிர்ந்துபோன ஓர் இகரம், போவதற்குமுன் உள்ளிருந்த உயிரெழுத்தைத் தன் பக்கம் இழுத்துவிட்டுப் போனதன் விளைவு. 'ஷீப்', 'டீர்' ஆகிய இரண்டும் பழைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ஈறே ஏற்காத அலிப்பாற் பெயர்க் கூட்டத்தின் எச்சங்கள். நம் அஃறிணை போலவே, அவை ஒன்றா பலவா என்பது பக்கத்துச் சொல்லால்தான் தெரியும். இந்த ஊர்க் கடைகளில் பொரிகிற 'ஃபிஷ்' என்பதும் பொதுவாக அவ்வாறே நிற்கும். கட்லா, ரோகு, கெளுத்தி என்று பல இனங்களைச் சேர்த்துச் சொல்லும்போது மட்டும் சில வேளை 'ஃபிஷஸ்' ஆகும். எனக்கு மிகவும் பிடித்தது 'சில்ட்ரன்' என்ற சொல். பழைய காலத்திலேயே அது ஒரு 'ர்' ஈற்றைப் பெற்றுப் பன்மையாகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் அது பன்மை என்பதை மறந்து, 'ஆக்ஸன்' என்பதில் இன்றும் இருக்கிற 'அன்' ஈற்றையும் அதன்மேல் ஏற்றிவிட்டார்கள். பன்மைமேல் பன்மை. இதைக் கேட்டுத் தமிழர் சிரிக்க முடியாது. நாமும் 'அவர்' என்ற பலர்பால் சொல் பன்மைக்குப் போதாதென்று அதன்மேல் 'கள்' ஏற்றி 'அவர்கள்' ஆக்கியவர்களே. இந்தச் சமானத்தை வகுப்பில் சொன்னால், 'சில்ட்ரன்ஸ்' என்று மூன்றாவது பன்மையையும் ஏற்றும் பிள்ளை சற்று நின்று யோசிக்கும்.

'அவர்' ஏன் பன்மைக்குப் போதாமற்போயிற்று? மரியாதை அதை எடுத்துக்கொண்டது. தமிழருக்குப் பகுவசனம் எண்ணிக்கையை மட்டும் குறிப்பதன்று. 'என்னை ஏகவசனத்தில் பேசினான்' என்றால் அது இலக்கணச் செய்தி அல்ல, பஞ்சாயத்துக்குப் போகக்கூடிய வழக்கு. ஒருவரைப் பன்மையால் சொல்வது உலக வழக்கில் உள்ள உயர்சொல்லேயன்றி இலக்கண முறையால் வந்ததன்று என்று தொல்காப்பியரே பிரித்துக் காட்டியிருப்பதால், அவர் காலத்திலேயே இந்த வழக்கம் தலைகாட்டிவிட்டது என்று அறிகிறோம். ஆயினும் பாட்டில் அக்காலத்தவர் அதை நாடவில்லை. இந்தத் தர்மபுரிதான் தகடூர். இங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் புறநானூற்றில் 'நீ' என்று ஒருமையிலேயே விளிக்கிறார். அரிய நெல்லிக்கனியை அவருக்கு ஈந்த அந்த மன்னன் அதனால் மனம் கோணியதாகச் செய்தி இல்லை. இன்று தலையாரியை ஒருமையில் அழைத்தாலும் மனம் கோணும். நம் மேற்கு மாவட்டங்களிலோ பேச்சின் எல்லா மூலைகளிலும் 'ங்க' வந்து உட்கார்ந்துகொள்கிறது: ஆமாங்க, இல்லைங்க, சரிங்க. 'ஆம்' என்பதற்குக்கூடப் பன்மை உண்டாக்கிய ஜனங்கள் நாம்.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இந்த வழியில் நடந்தவர்களே. ஒருவனுக்கு 'தௌ', பலருக்கு 'யூ' என்று அவர்களிடம் இரண்டு இருந்தன. மேலோரை 'யூ' என்று பன்மையால் அழைக்கும் வழக்கம் வந்தது. பிறகு யாரையும் புண்படுத்தக்கூடாது என்று எல்லாரையும் 'யூ' என்றார்கள். 'தௌ' வேதாகமத்துக்கும் கவிதைக்கும் சில கிராமங்களுக்கும் ஒதுங்கிவிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த க்வேக்கர் என்னும் சமயக் கூட்டத்தார், மனிதரெல்லாம் சமம் ஆகையால் பிரபுவையும் 'தௌ' என்றே அழைப்போம் என்று பிடிவாதம் பிடித்துப் பெரியவர்களின் சினத்துக்கு ஆளானார்கள். 'யூ' பிறப்பால் பன்மை என்பதால்தான் 'யூ ஆர் எ பாய்' என்ற ஒருமை வாக்கியத்திலேயே பன்மை வினையான 'ஆர்' நிற்கிறது. இதைப் பன்மையாக்கச் சொன்னால் 'யூ ஆர் பாய்ஸ்' என்று, 'எ' உதிர்ந்து, பெயர் மட்டும் மாறும். வினையையும் மாற்றத் துடிக்கும் பிள்ளைக்கு இந்தச் சரித்திரத்தை இரண்டு நிமிஷம் சொல்லலாம். 'ஆசிரியர் வருகிறார்' என்பதன் இறுதியில் இருக்கும் தமிழ் 'ஆர்' விகுதியும் பலர்பாலுக்கு உரியது. ஆங்கில 'ஆர்' என்பதோடு அது ஒலியில் ஒத்திருப்பது காகதாலீய நியாயமாய் நேர்ந்த தற்செயல். அதை நம்பி 'தி டீச்சர் ஆர் கமிங்' என்று எழுதுவோரும் உண்டு. பக்தி மெச்சத்தக்கது, வாக்கியம் பிழை.

தன்மைப் பன்மையில் ஆங்கிலம் ஏழை. 'ஐ கிராஸ் தி ரிவர்' என்பதைப் பன்மையாக்கினால் 'வீ கிராஸ் தி ரிவர்'. தமிழில் 'நாம்' என்றால் கேட்கிறவரும் உடன் வருகிறார். 'நாங்கள்' என்றால் அவர் கரையிலேயே நிற்கிறார். பரிசலில் ஏறும் இடத்தில் இந்த வித்தியாசம் சாமானியமானதன்று. தெலுங்கில் 'மனமு', 'மேமு' என்று இது உயிரோடிருக்கிறது. எதிர்க்கரைக் கன்னடத்திலோ இன்று 'நாவு' ஒன்றே இரண்டுக்கும் போதுமானதாயிருக்கிறது. மூன்று பாஷையும் காதில் விழும் ஊர் இது. இங்கே வளரும் பிள்ளைக்கு, ஒவ்வொரு பாஷையும் பன்மையை ஒவ்வோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறது என்று விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. வடமொழியில் ஏகவசனம், த்விவசனம், பகுவசனம் என்று மூன்று. பழைய ஆங்கிலத்திலும் 'நாம் இருவர்' என்பதற்குத் தனிச்சொல் இருந்து வழக்கொழிந்தது.

அப்பியாசத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. 'அவர்கள் தலையைக் குனிந்தார்கள்' என்று தமிழில் சொன்னால், ஆளுக்கு ஒரு தலை என்பது சொல்லாமலே விளங்கும். ஆங்கிலத்தில் 'தேர் ஹெட்ஸ்' என்று தலைகளையும் எண்ணிச் சொல்லவேண்டும். ஆகவே எழுவாய் பன்மையானதும், அவரவருக்குச் சொந்தமான பொருள்களெல்லாம் பன்மையாகின்றன. ஆனால் அனைவருக்கும் பொதுவான பொருள் ஆகாது. 'தி பாய் லிவ்ஸ் இன் எ வில்லேஜ்' என்பதைப் பன்மையாக்கும்போது, பையன்கள் எல்லாரும் ஓர் ஊரா, பல ஊரா என்று யோசித்தாக வேண்டும். விடை இலக்கணத்தில் இல்லை, சங்கதியில் இருக்கிறது. 'தி சன் ரைசஸ் இன் தி ஈஸ்ட்' என்பதையும் பன்மையாக்கச் சொல்லும் புத்தகங்களைக் கண்டிருக்கிறேன். சூரியனுக்கு எங்கே போவது? காவிரிக்கு எங்கே போவது? மாற்றக்கூடாத வாக்கியத்தை மாற்றாமல் விடத் தெரிந்த பிள்ளைக்கு முழு மதிப்பெண் தரவேண்டும். தருவார்களா என்பது வேறு.

நம் மாநிலம் இந்த ஒருமை பன்மைக்காகப் பட்ட பாடு கொஞ்சமன்று. 1950-களின் இறுதியை ஒட்டிச் சென்னை மாநிலத்தில் தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குக் கட்டமைப்பு முறையில் மறுபயிற்சி தரும் பெருமுயற்சி ஒன்று நடந்தது. முதலில் சிலருக்குப் பயிற்சி, அவர்கள் வழியாகப் பலருக்கு, அவர்கள் வழியாக இன்னும் பலருக்கு என்று அது பனியில் உருட்டிய உருண்டைபோலப் பெருகவேண்டும் என்பது ஏற்பாடு. 27,000 ஆசிரியர்களை மறுபடி பயிற்றும் முயற்சி என்று 1962-இல் ஓர் ஆங்கிலக் கல்வி இதழில் வந்த கட்டுரையின் தலைப்பே அந்தத் தொகையைத் தாங்கி நின்றது. அந்த முறையின் வாக்கியங்கள் இங்குள்ள முதியவர்கள் காதில் இன்னும் ஒலிக்கும்: ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி 'திஸ் இஸ் எ புக்', பலவற்றைக் காட்டி 'தீஸ் ஆர் புக்ஸ்'. குறில் நெடில் அறிந்த தமிழ்க் காதுக்கு 'திஸ்' என்பதும் 'தீஸ்' என்பதும் வேறாகக் கேட்பது எளிது. 'இந்த' என்ற தமிழ்ச் சுட்டு ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாமல் நிற்பதுதான் இடையூறு. பொருளைக் கையில் எடுத்துக் காட்டியதில் அந்த முறைக்கு நன்மை இருந்தது. கையில் பொருள் இல்லாமல் வெறும் வாயளவில் நூறு முறை ஒப்பித்த வகுப்புகளில் அது கிளிப்பாடமாய் முடிந்தது.

அதற்கு மறுப்பாக, 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு அவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் நடத்திய சோதனை ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது. மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கண வடிவம் உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. ஆகையால் விதியும் ஒப்பித்தலும் இன்றி, ரயில்வே கால அட்டவணையையும் தேசப்படத்தையும் கொடுத்துக் கணக்கிடச் சொன்னார். அவர் கொள்கையை முழுவதும் ஏற்க எனக்குத் தயக்கமுண்டு; நம் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் காதில் விழுவது சொற்பம். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த குழந்தைகளுக்கும் இது ஒரே நாளில் வரவில்லை. 1958-இல் ஜீன் பெர்கோ என்ற அம்மையார், பறவை போன்ற ஒரு கற்பனைப் பிராணியை வரைந்து அதற்கு 'வக்' என்று பெயரிட்டு, இரண்டு இருந்தால் என்ன என்று சிறு குழந்தைகளைக் கேட்டார். 'வக்ஸ்' என்று பெரும்பாலோர் சொல்லிவிட்டார்கள். ஆனால் 'டாஸ்' என்று ஒரு சொல்லைப் படைத்துக் கேட்டபோது, 'கிளாஸஸ்' என்று நன்றாகச் சொல்லும் குழந்தைகளில் பலர் 'டாஸஸ்' என்று சொல்லத் தெரியாமல் நின்றார்கள். ஆகவே 'பஸஸ்', 'பாக்ஸஸ்' என்பவற்றில் நம் பிள்ளைகள் தடுமாறினால் யாரும் நெற்றியில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் செய்யத்தக்கது என்னவெனில், பென்னாகரத்துக்கும் தர்மபுரிக்கும் போகும் பஸ் நேரங்களைப் பலகையில் எழுதி, எது எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எவை எவை காலையில் புறப்படுகின்றன என்று கேளுங்கள். ஒருமையும் பன்மையும் வேலையோடு வரும். பிறகு ஒருமை வாக்கியத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எந்தச் சொல் மாறுகிறது என்று இரண்டிலும் கோடிடச் சொல்லுங்கள். தமிழில் கோடு விழாத பெயர்ச்சொல்லின்கீழ் ஆங்கிலத்தில் கோடு விழும். அந்த இடத்தில் நின்று பேசுங்கள். மற்ற இடங்களில் அவ்வளவு நேரம் செலவிட வேண்டாம்.

கூட்டம் தொடங்குமுன் ஓர் ஆசிரியை என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: 'ஒகேனக்கல் ஃபால்ஸ்' என்று எழுதினால் பின்னால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா? பிள்ளைகள் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள் என்றார். அருவியை அவர்கள் 'ஃபால்ஸ்' என்று பன்மை உருவத்தில் சொல்வது வழக்கம், நயாகராவுக்கும் அதுவே. ஊரையோ இடத்தையோ ஒன்றாகக் கருதி, தர்மபுரியிலிருந்து இத்தனை மைலில் இருக்கிறது என்று சொல்லும்போது 'இஸ்' பொருந்தும். விழுகின்ற நீரைப் பலவாகக் கண்டு, அவை பெருகி ஓடுகின்றன என்று சொல்லும்போது 'ஆர்' பொருந்தும். அம்மையீர், இரண்டுக்கும் மதிப்பெண் போடுங்கள்; ஒரே கட்டுரையில் முதல் வரியில் ஒன்றும் அடுத்த வரியில் மற்றொன்றும் போட்டிருந்தால் மட்டும் பிள்ளையைக் கூப்பிட்டு, "நீ இடத்தைச் சொல்கிறாயா, தண்ணீரைச் சொல்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.